பறவைக்கு ஏன் பணம்?

"மனிதனுக்கே வயிறு நிறையாத நாட்டில் பறவைக்கு எதற்குப் பணம்?"

இக்கேள்வி நம் குடும்பங்களில் அவ்வப்போது எழுவதுண்டு. இன்ன பறவையைக் காப்பதற்கு இத்தனை லட்சம் ரூபாய் மானியம் என்று செய்தித்தாளில் ஒரு செய்தி வந்துவிட்டால் போதும். மாதக் கடைசியில் அரிசிப் பானையைத் தட்டிப் பார்க்கும் இல்லத்தரசி பெருமூச்சு விடுகிறாள். மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வழி தேடும் தந்தை செய்தித்தாளை மடித்து வைத்துவிடுகிறார். இவர்களைக் கல்நெஞ்சர் என்று நாம் சொல்லமாட்டோம். முற்றத்தில் காக்கைக்கும் குருவிக்கும் ஒரு பிடி சோறு இறைப்பவர்களும் இவர்களே. அவர்கள் கேட்பது நேர்மையான கேள்வி. பணம் யாரிடமிருந்து வருகிறது, யார் கைக்குப் போகிறது, அதனால் விளைந்தது என்ன என்று கணக்குக் கேட்பதில் தவறேதும் இல்லை. அந்தக் கணக்கைத்தான் இங்கே சற்று விரிவாகப் பார்க்க எண்ணுகிறோம்.

மானியம் என்பது கடனன்று, பிச்சையுமன்று. இன்ன வேலையை இன்ன காலத்துக்குள் செய்து முடிப்போம் என்று ஒருவரோ ஒரு சங்கமோ எழுதிக் கொடுக்க, அதை ஏற்று அரசோ அறக்கட்டளையோ வணிக நிறுவனமோ அளிக்கும் பொருளுதவி அது. செலவுக்கு ரசீது காட்டவேண்டும். முடிவில் அறிக்கையும் தரவேண்டும். பறவைகளைப் பொறுத்தவரை இப்படிப்பட்ட உதவிகள் பெரும்பாலும் மூன்று காரியங்களுக்குக் கொடுக்கப்படுகின்றன: பறவையைப் பற்றி ஆராய்வதற்கு, அதன் வாழ்விடத்தைக் காப்பதற்கு, அதைப்பற்றி மக்களுக்கும் மாணவர்க்கும் எடுத்துச் சொல்வதற்கு.

கோதுமை விலையில் ஒரு பங்கு

நம்மில் வயது முதிர்ந்தோர் அமெரிக்கக் கோதுமையை மறந்திருக்கமாட்டார்கள். பால்பவுடரும் எண்ணெயும் கோதுமைக் குறுணையும் பங்குகளின் வழியாக ஏழைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்ட காலம் அது. அந்த உணவுப்பொருள்களை அனுப்ப வழிசெய்த சட்டத்தை 'பி. எல். 480' என்றே ஊரெங்கும் அழைத்தனர். 1954-ல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட இச்சட்டத்தின்கீழ் 1956-ல் இந்தியா ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. இலவசமாக வந்தது ஒரு பகுதிதான். பெரும்பகுதியை நம் அரசு விலை கொடுத்தே வாங்கியது. அந்த விலையையும் டாலரில் அன்றி ரூபாயில் கொடுத்தது. அந்த ரூபாயை அமெரிக்கா தன் நாட்டுக்கு எடுத்துச் சென்று என்ன செய்யும்? இந்தியாவிலேயே அது மலைபோல் குவிந்து கிடந்தது. 1974-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்கத் தூதர் மொய்னிகன் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரு காசோலை எழுதி, குவிந்ததில் பெரும்பங்கை இந்திய அரசிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். எஞ்சிய ரூபாயில் ஒரு சிறு துளி ஆராய்ச்சி மானியமாக மாறிற்று. அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையின் மூலம், 1883-ல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அது வந்து சேர்ந்தது.

ஆக, பசித்த நாடு உண்ட கோதுமையின் விலையிலிருந்தே பறவை ஆராய்ச்சிக்கும் ஒரு பங்கு பிரிந்தது. நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை வேறு கிடைப்பது அரிது.

அந்த ரூபாய் 1980 முதல் முக்கியமாக இரண்டு இடங்களில் செலவாயிற்று. ஒன்று நமக்கு மிக அருகில் உள்ளது. வேளாங்கண்ணிக்குச் செல்வோர் அங்கிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே சென்று, வேதாரணியத்தையும் தாண்டினால் கோடியக்கரை வரும். 1967-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். உப்பளங்களும் சேற்று நிலமும் முட்புதர்க் காடும் கலந்து கிடக்கும் அந்த மூலைக்குக் குளிர்காலத்தில் பூநாரைகளும், உள்ளான் வகைகளும், ஆலாக்களும் கூட்டங்கூட்டமாக வருகின்றன. கொசு உள்ளான் என்றொரு பறவை உண்டு. சிட்டுக்குருவியைவிடப் பெரிதென்று சொல்லமுடியாது. வடதுருவத்தை ஒட்டிய பனிச்சமவெளியில் பிறந்து, ஆயிரக்கணக்கான கல் தொலைவு பறந்து, நம் உப்பளத்துச் சேற்றில் புழு தேடுகிறது.

அங்கே கழகத்தார் செய்த வேலை என்ன? இரவில் நுண்ணிய வலை கட்டிப் பறவையைப் பிடித்தார்கள், எடை போட்டார்கள், சிறகையும் அலகையும் அளந்தார்கள், காலில் எண் பொறித்த ஒரு மெல்லிய உலோக வளையத்தை மாட்டிப் பறக்கவிட்டார்கள். 'பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கவும்' என்ற வாசகமும் அந்த வளையத்தில் உண்டு. அதே பறவை மறு ஆண்டோ, பத்தாண்டு கழித்தோ, வேறொரு நாட்டிலோ கிடைத்தால் அதன் வயதும் வழியும் தெரியவரும். பறவைக்குக் காயம்படாமல் பிடிக்கத் தெரிந்தவர்கள் யார்? பல்கலைக்கழகப் பட்டதாரிகள் அல்லர். பீகாரைச் சேர்ந்த மீர்ஷிகார் மரபினர், தலைமுறை தலைமுறையாகச் சந்தைக்குப் பறவை பிடித்து விற்றவர்கள், இவ்வேலைக்கு அழைத்துவரப்பட்டனர். மானியப் பணத்தில் ஒரு பகுதி அவர்களுக்குக் கூலியாயிற்று. கூண்டில் அடைக்கப் பிடித்த கை, அறிவுக்காகப் பிடித்துப் பறக்கவிட்டது. இச்செய்தியை நாம் சிறிதாக எண்ணவில்லை.

பணம் யாருடையது என்ற கேள்வியும் இங்கு எழாமல் இல்லை. 1957-ல் மைசூர்ப் பகுதியின் கியாசனூர் காட்டில் ஒரு புதுக் காய்ச்சல் தோன்றியது. வலசை வரும் பறவைகள் மேலுள்ள உண்ணிகளால் அது வந்திருக்குமோ என்ற ஐயத்தின் பேரில், உலகச் சுகாதார நிறுவனம் நம் நாட்டில் வளையமிடும் பணிக்கு முதலில் உதவியது. பின்னர் அமெரிக்க இராணுவத்தின் ஆராய்ச்சிப் பிரிவும் உதவியதாகத் தெரியவந்தபோது, 1970-களில் பத்திரிகைகள் கூச்சலிட்டன. பாராளுமன்றத்தின் பொதுக்கணக்குக் குழுவும் வினாக்களைத் தொடுத்தது. கேட்டது சரியே. கொடுப்பவர் எதற்காகக் கொடுக்கிறார் என்பதைப் பெறுகிறவர் அறிந்திருக்கவேண்டும்; நாடும் அறிந்திருக்கவேண்டும்.

எருமைகள் சொன்ன உண்மை

இரண்டாவது இடம் இராஜஸ்தானத்திலுள்ள பரத்பூர். அங்கு நடந்ததை நம் வாசகர்கள் சற்றுக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம். உயிர்ச்சேதம் வரை சென்ற விவகாரம் அது.

பரத்பூரின் கேவலாதேவ் சதுப்புநிலம் 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. ஒரு காலத்தில் அரசர்களின் வேட்டைக்களம். 1938-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரே நாளில், வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் விருந்தினர் குழாம் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தியதை அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது. பின்னர் அது சரணாலயமாகி, 1980-களின் தொடக்கத்தில் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. சுற்றியிருந்த கிராமத்தார் காலங்காலமாகத் தங்கள் எருமைகளை அங்கே மேயவிட்டு வந்தனர். எருமை மேய்ந்தால் பறவைக்குக் கேடு என்று வல்லுநர்கள் கருதினர். பறவையியலில் நம் நாட்டின் தலைசிறந்த அறிஞரான சாலிம் அலியும் அக்கருத்தினரே. 1982 நவம்பரில் மேய்ச்சலுக்கு முற்றிலும் தடை விதிக்கப்பட்டது. மாற்று மேய்ச்சல் நிலம் ஏதும் காட்டப்படவில்லை. கிராமத்தார் திரண்டு வந்தனர். போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். கிராமத்தார் சிலர் உயிரிழந்தனர்.

பறவையைக் காப்பதற்காக மனித உயிர் போயிற்று என்றால் நம் உள்ளம் பதறாமலிருக்குமா? அத்தோடு கதை முடியவுமில்லை. இயற்கை வரலாற்றுக் கழகத்தார் மேற்சொன்ன கோதுமை ரூபாயைக் கொண்டு 1980-லேயே அங்கே ஆய்வைத் தொடங்கியிருந்தனர். தண்ணீரின் ஆழம், புல்லின் வளர்த்தி, மீன், பூச்சி, பறவை என ஒவ்வொன்றையும் ஆண்டு தவறாமல் அளந்து குறித்து வந்தனர். தடைக்கு முன் இரண்டு ஆண்டுக் கணக்கு அவர்கள் கையில் இருந்தது. தடைக்குப் பின்னும் எட்டு ஆண்டு அளந்தனர். கண்டது என்ன? எருமைகள் போனபின் ஒருவகை நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் மண்டியது. திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. மீனும் குறைந்தது, நீர்ப்பறவைகளும் குறைந்தன. அந்தப் புல்லைத் தின்று குளத்தைத் திறந்து வைத்திருந்தவை எருமைகளே! படிப்பறியாத மாட்டுக்காரர்களின் பக்கம்தான் நியாயம் இருந்தது என்பதை, 1991-ல் வெளிவந்த அறிக்கை எண்களால் காட்டிற்று. பின்னாளில் கிராமத்தார் உள்ளே சென்று புல்லறுக்க அனுமதிக்கப்பட்டனர்.

இந்த அறிக்கை இறந்தவர்களைத் திரும்பக் கொண்டுவரவில்லை. ஆனால் எண்ணிப்பாருங்கள்: அந்த மானியம் இரண்டாண்டில் நின்றிருந்தால், தடை சரியென்றே இன்றும் பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருக்கும். பணம் வாங்கியவர்கள், தங்கள் தலைவரின் கருத்துக்கே மாறான முடிவை மறைக்காமல் எழுதினார்கள். ஆராய்ச்சி மானியத்தின் உண்மையான விளைச்சல் இதுவென்றே நாம் கருதுகிறோம். கட்டிடம் எழும்பவில்லை, பலகை நடப்படவில்லை. பத்தாண்டுக் காலம் சிலருக்குச் சோறும் சம்பளமும் கொடுத்து, ஒரே இடத்தில் நிறுத்தி, உள்ளதை உள்ளபடி எழுத வைத்தது.

எலும்பு விழுங்கி

பறவையோடு வாழும் ஊராரை முதலிலேயே கலந்துகொண்டால் என்ன நடக்கும்? அதற்கு விடை அசாமில் இருக்கிறது.

நாரை இனத்தைச் சேர்ந்த ஒரு பெரும் பறவை அங்குண்டு. நின்றால் ஏறத்தாழ ஐந்தடி உயரம். சிறகை விரித்தால் எட்டடி. வழுக்கைத் தலை, கழுத்தில் தொங்கும் சிவந்த பை, ஆப்பு போன்ற அலகு. அழகென்று சொல்ல எவருக்கும் நா எழாது. செத்த விலங்கின் இறைச்சியையும் எலும்பையும் அப்படியே விழுங்கும். ஆகவே அசாம் மக்கள் அதற்கு 'ஹர்கிலா' என்று பெயரிட்டனர். 'எலும்பு விழுங்கி' என்பது பொருள். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கல்கத்தா நகரத்து மாளிகைக் கூரைகளின்மேல் வரிசை வரிசையாக நின்று, தெருக் கழிவை உண்டு தீர்த்த பறவை இதுவே. அந்நகராட்சியின் பழைய சின்னத்திலும் இதன் உருவம் இடம்பெற்றது. பிறகு கல்கத்தாவிலிருந்து அடியோடு மறைந்தது. இப்போது உலகில் அசாமிலும், பீகாரில் பாகல்பூர்ப் பகுதியிலும், கம்போடியாவிலும் மட்டுமே கூடு கட்டுகிறது.

அசாமில் கௌகாத்தி நகருக்கு அருகே, காமரூப் மாவட்டத்தில், தாதரா, பசாரியா, சிங்கிமாரி என மூன்று கிராமங்கள். அங்கே இப்பறவை காட்டில் அன்று, வீட்டுக் கொல்லையில் நிற்கும் கடம்ப மரத்திலும் இலவ மரத்திலும் கூடு கட்டியது. கூட்டின் கீழே வசிப்பவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். எச்சம் ஒழுகும், குஞ்சுக்கு ஊட்டும்போது அழுகிய இறைச்சித் துண்டும் எலும்பும் முற்றத்தில் விழும், நாற்றம் சகிக்காது. துவைத்து உலர்த்திய துணி மறுபடியும் துவைக்கவேண்டும். பெருக்குகிறவள் யார்? அந்த வீட்டுப் பெண்தான். ஆகவே மரத்தை வெட்டினார்கள். நாமாக இருந்தாலும் வெட்டியிருப்போம்.

2007-ஆம் ஆண்டு, இப்பறவையைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்த பூர்ணிமா தேவி பர்மன் என்ற இளம்பெண், கூடுகளுள்ள ஒரு மரம் வெட்டப்பட்டுக் குஞ்சுகள் தரையில் விழுந்து கிடப்பதைக் கண்டார். அவர் அப்போது இரட்டைப் பெண் குழந்தைகளின் தாய். வெட்டியவர்களிடம் முறையிட்டபோது கிடைத்தது ஏளனம்: அவ்வளவு அக்கறை இருந்தால் வீட்டு வேலைக்கு வந்து எச்சத்தைக் கூட்டிப் பெருக்கிக் கொடு என்றார்கள். அந்த ஏளனத்திலேயே விடை அடங்கியிருந்ததை அவர் உணர்ந்தார். பெருக்குகிறவர்கள் மனம் மாறாமல் பறவை பிழைக்காது. பட்டப்படிப்பை ஒதுக்கி வைத்துவிட்டுக் கிராமத்துப் பெண்களிடம் சென்றார். முனைவர் பட்டம் அவர் கைக்கு வந்தது 2019-ல்தான்.

அவர் கையாண்ட முறை நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மேடை போட்டுப் பேசவில்லை. சமையல் போட்டி வைத்தார், பெண்கள் கூடினர். அப்பகுதியில் கருவுற்ற பெண்ணுக்கு நம் வளைகாப்பைப் போல ஒரு சடங்கு உண்டு. பறவை முட்டையிடும் பருவத்தில் அதே சடங்கைப் பாட்டும் பலகாரமுமாகப் பறவைக்கும் நடத்தினார்கள். மரத்தின்மேல் இருப்பவளும் ஒரு தாய் என்ற எண்ணம் இவ்வாறு வீட்டுக்குள் நுழைந்தது. அபசகுனப் பறவை என்று இகழப்பட்டது, பெண் வீட்டு விருந்தாளியாகிவிட்டது.

பாட்டினால் மட்டும் காரியம் நடந்துவிடவில்லை, பணமும் வேண்டியிருந்தது. 1994-ல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட விட்லி இயற்கை நிதியம் என்ற அறநிறுவனம், ஆண்டுதோறும் ஏழை நாடுகளில் களத்தில் உழைப்பவர்களைத் தேர்ந்து மானியத்தோடு கூடிய விருது வழங்கிவருகிறது. 2017-ல் பூர்ணிமாவுக்கு 35,000 பவுன், அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 29 லட்சம் ரூபாய் கிடைத்தது. அவரது பணி சார்ந்திருப்பது கௌகாத்தியிலுள்ள ஆரண்யக் என்னும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம். அவர்கள் முயற்சியில் நடந்தவற்றைக் கேளுங்கள். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சு தரையில் மோதிச் சாகாதபடி மரத்தடியில் வலை கட்டினார்கள். அடிபட்ட குஞ்சுகளைத் தேற்றி வளர்த்து மீண்டும் பறக்கவிட்டார்கள். மூங்கிலால் உயரமான மேடைகள் அமைத்துச் செயற்கைக் கூடு வைத்தார்கள். 2019-ல் அவ்வாறான கூட்டில் குஞ்சும் பொரித்தது. பெண்களுக்குத் தறியும் நூலும் வழங்கப்பட்டன. அசாமியப் பெண்களுக்கு நெசவு கைவந்த கலை. தோளில் போடும் கமோசாத் துண்டிலும், உடுத்தும் மேகலா சாதரிலும் ஹர்கிலாவின் உருவத்தை நெய்து விற்கத் தொடங்கினர். முற்றத்தை அசுத்தப்படுத்திய பறவை, அடுப்பெரிய நாலு காசு கொண்டுவந்தது.

தறியும் நூலும் பறவைப் பாதுகாப்பா என்று மானியம் கொடுக்கும் ஒரு குமாஸ்தா கேட்கக்கூடும். அதுவே பாதுகாப்பு. எச்சத்தைப் பெருக்கும் கைக்கு ஒரு வருமானம் இல்லையேல் அடுத்த கோடையில் கோடரி வரும்.

பள்ளிக்கூடங்களுக்கும் சென்றார்கள். பறவையைப் பற்றிய விளையாட்டுகளும் படம் வரைதலுமாகப் பாடம் நடந்தது. பள்ளியில் கேட்டதைப் பிள்ளை வீட்டில் சொல்ல, தாத்தா கோடரியைக் கீழே வைத்த வீடுகள் இல்லாமலா இருக்கும்?

இனி விளைச்சலைப் பார்ப்போம். அம்மூன்று கிராமங்களில் தொடக்கத்தில் 28 கூடுகளே இருந்தன. 2022-ல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு தன் மிக உயரிய விருதைப் பூர்ணிமாவுக்கு அளித்தபோது அவை 250-க்கு மேல் பெருகியிருந்தன. உலகிலேயே இப்பறவை கூடுகட்டும் மிகப்பெரிய குடியிருப்பு இன்று அந்தக் கொல்லைப்புறங்கள்தாம். 'ஹர்கிலா சேனை' என்று தங்களை அழைத்துக்கொள்ளும் பெண்களின் தொகை அப்போதே பத்தாயிரத்தைத் தாண்டிற்று. 45,000 மரக்கன்றுகளும் நட்டிருந்தனர். அழிவின் விளிம்பிலுள்ளவை என்ற பட்டியலில் இருந்த இப்பறவை, 2023-ல் அதனினும் ஆபத்துக் குறைந்த வரிசைக்கு மாற்றப்பட்டது. 2024-ல் விட்லி நிதியம் ஒரு லட்சம் பவுன் கொண்ட தங்க விருதையும் அவருக்கே வழங்கியது.

எல்லாம் நலமே என்று நாம் எழுதிவிடவில்லை. எச்சம் இன்றும் விழுகிறது. ஈரநிலங்கள் சுருங்க, கௌகாத்தி நகரத்துக் குப்பைமேட்டில் இரை தேடும் நிலைக்கு இப்பறவைகள் வந்திருக்கின்றன. குப்பையில் நஞ்சும் இருக்கும், பிளாஸ்டிக்கும் இருக்கும். அதை ஊர்ப் பெண்களின் சேனையால் மட்டும் தீர்த்துவிட முடியாது.

நம் பக்கத்தில் இதற்கு நேர்மாறான ஒரு கதை உண்டு. செங்கற்பட்டுச் சீமையின் வேடந்தாங்கலில், வயலுக்குப் பாயும் ஏரித்தண்ணீரில் பறவை எச்சம் கலந்து நல்ல உரமாகிறது என்று உழவர்கள் அறிந்திருந்தனர். எவர் மானியமும் இல்லாமல் காத்து வந்தனர். வெள்ளைக்காரர்கள் பறவை சுட வந்தபோது கலெக்டரிடம் முறையிட்டு, 1798-ஆம் ஆண்டளவில் உத்தரவும் பெற்றனர். எச்சம் ஓரிடத்தில் உரம், ஓரிடத்தில் தொல்லை. தொல்லையாக இருக்கும் இடத்தில்தான் மானியம் தேவைப்படுகிறது.

யார் கேட்கலாம்?

பெரிய விருதுகளைப் பற்றிச் சொன்னோம். இளைஞர்கள் அதைப் பார்த்து மலைத்துவிட வேண்டாம். ரஃபோர்டு அறக்கட்டளை என்ற மற்றோர் ஆங்கில நிறுவனம் சில ஆயிரம் பவுன் அளவிலான சிறு மானியங்களை வளர்ந்துவரும் நாட்டு இளம் ஆய்வாளர்களுக்கு வழங்குகிறது. நம் நாட்டில் அதனால் முதலடி எடுத்து வைத்தவர்கள் பலர். உள்நாட்டிலும் வழி உண்டு. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி பெரிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும். இயற்கையையும் உயிரினங்களையும் காத்தல் அப்பணிகளின் அட்டவணையில் இருக்கிறது. ஆனால் கம்பெனிகள் பெரும்பாலும் தம் ஆலையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும், படம் எடுத்துப் போடத்தக்க காரியங்களுக்குமே கை நீட்டுகின்றன. சேற்றில் நின்று உள்ளானை எண்ணுகிறவனைப் படமெடுக்க யார் வருவார்?

வெளிநாட்டு உதவி பெறுவதிலுள்ள சட்டச் சிக்கல்களை நம் நிறுவனங்களை நடத்துவோருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ பெற்ற சங்கம் மட்டுமே பெறலாம். 2020-ல் வந்த திருத்தத்தின் பிறகு, பதிவு பெற்ற ஒரு சங்கம் தான் பெற்றதை மற்றொரு சங்கத்துக்குப் பகிர்ந்து கொடுக்கவும் முடியாது. நிர்வாகச் செலவும் 20 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. கணக்குச் சுத்தமாக இருக்கவேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆயினும், முன்பு நகரத்துச் சங்கம் ஒன்று வாங்கி, கிராமத்துப் பெண்கள் குழு ஒன்றுக்குச் சிறிது கொடுத்து உதவிய வழி அடைபட்டுப் போயிற்று. பதிவு வாங்கவும் தணிக்கை செய்யவும் வசதியில்லாத ஊர்க்குழுக்களுக்கே இதில் இழப்பு அதிகம்.

மானிய விண்ணப்பம் எழுதுவோர்க்கு ஒன்று சொல்லலாம். 'விழிப்புணர்வு ஏற்படுத்துவோம்' என்று பக்கம் பக்கமாக எழுதினால் கொடுப்பவர் அயர்ந்துபோவார். எந்த ஊர், எந்த ஏரி, எந்தப் பறவை, இப்போது எத்தனை கூடு, யார் வீட்டு மரம், மரத்துக்காரருக்கு என்ன கஷ்டம், அதை நீக்க என்ன செலவு என்று எழுதுங்கள். கூடு எத்தனை என்று தெரியாவிட்டால், முதலில் ஓராண்டு எண்ணிவிட்டுப் பிறகு எழுதுங்கள். கொடுப்பவர்களுக்கும் ஒரு சொல்: ஓராண்டுக்கும் ஈராண்டுக்கும் கொடுத்துவிட்டு முடிவைக் கேட்காதீர்கள். பரத்பூரின் புல் மூன்று மாதத்தில் வளர்ந்துவிடவில்லை. தாதராவின் 28 கூடுகள் 250 ஆவதற்குப் பதினைந்து ஆண்டுகள் சென்றன. அறிவிப்புப் பலகைக்கும் தொப்பிக்கும் பனியனுக்கும் கொடுக்கும் தொகையை, கூட்டைப் பார்த்துக்கொள்ளும் ஓர் ஊர்ப்பெண்ணின் மாதச் சம்பளமாக மாற்றிக் கொடுத்தால் அதிகம் விளையும் என்பது எங்கள் துணிபு.

ஊரிலேயே ஒன்றைத் தொடங்க விரும்பும் குடும்பங்களுக்குச் செலவில்லாத வழி ஒன்றும் இருக்கிறது. 2015 முதல் தமிழகத்தில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. பொங்கலை ஒட்டிய அந்த நாள்களில், வீட்டு மாடியிலோ வயல் வரப்பிலோ ஏரிக்கரையிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணுக்கும் காதுக்கும் எட்டிய பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்து அனுப்பவேண்டும். பிள்ளைகளுக்குப் பென்சிலும் ஒரு குறிப்பேடும் போதும். காக்கையையும் மைனாவையும் விட்டுவிடாமல் எழுதச் சொல்லுங்கள். காலில் வளையத்தோடு இறந்து கிடக்கும் பறவை எதையேனும் கண்டால் வளையத்தின் எண், கண்ட இடம், நாள் ஆகியவற்றை மும்பையிலுள்ள இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதி அனுப்புங்கள். பறவை உயிரோடிருந்தால் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, வளையத்தோடு பறக்க விட்டுவிடுங்கள்.